அணைச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க

போன் பேசும்போது நான் உட்கார்வதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒரு நாள் இந்தப் புகார் போன் அறைக்கு வந்து உங்களோடு இருக்கிறேனே, அப்போது பார்த்திருப்பீர்கள். நாற்காலி பக்கத்திலேயே கிடக்கும். நான் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஏன் மேடம், கால் வலிக்காதா?" என்று கேட்டாள். வலிக்கத்தான் செய்கிறது. இந்தப் பழக்கம் எனக்கு எந்த நாளில் வந்தது என்று சொல்கிறேன். பழைய மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது பதறிக்கொண்டு கூப்பிட்டால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்தது நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டர். கடலே இல்லாத தாம்பரத்தில் படகு மோட்டாருக்கு என்ன கடை என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். முதலாளிக்கு அங்கே சொந்த இடம் இருந்தது, வேறு காரணம் இல்லை. நீலாங்கரைக்குத் தெற்கே உள்ள குப்பங்களில் அப்போதுதான் கட்டுமரங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு ஃபைபர் படகுகள் வர ஆரம்பித்திருந்தன. அவற்றின் பின்னால் மாட்டுகிற மோட்டார்கள் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். வேறு எங்கோ ஒரு கடற்கரையில் உழைத்துத் தேய்ந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். ஸ்பானர் பிடிக்கத்தான் அங்கே சேர்ந்தேன். "பொம்பளப் பிள்ளைய குப்பம் குப்பமா எப்படிம்மா அனுப்பறது?" என்று சொல்லி போன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். புகார் வந்தால் பெயர், ஊர் கேட்டு, எந்த மெக்கானிக் எப்போது வருவார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போய், பிரித்துப் போட்டிருக்கும் மோட்டார்களில் கை வைத்துப் பார்ப்பேன். மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள். ஆனால் கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள்.

அன்று மழை ஓய்ந்து காற்று மட்டும் மிச்சமிருந்தது. எதிர் டீக்கடையில் கட்டியிருந்த தார்ப்பாய் காலையிலிருந்தே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் மெக்கானிக்குகளில் ஒருவர் வேனை எடுத்துக்கொண்டு பழவேற்காடு போயிருந்தார். இன்னொருவர் கூடுவாஞ்சேரியில் மச்சினிச்சி கல்யாணம் என்று லீவு. மேனேஜரும் நானும்தான் கடையில்.

போன் அடித்தது. ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டே பேசியது.

"அலோ, மோட்டார் கடையா? ஸ்டார்ட் ஆவ மாட்டுதுக்கா. காலைலேருந்து கவுத்த இஸ்து இஸ்து ஆம்பளைங்க கையெல்லாம் பிஞ்சி போச்சி. இன்னா பண்ணணும் சொல்லு."

"எந்த ஊரும்மா?"

"பனையூர் பக்கம் குப்பம். கன்னியம்மான்னு பேரு. என் வூட்டுக்காரு சேகரு மோட்டார ஒரு தபா உங்க கடைக்கி எடுத்தாந்தாரு, நானும் கூட வந்தேன். பில்லுல கீற நம்பர வச்சித்தான் பேசறேன்."

"மெக்கானிக் வெளியே போயிருக்காரும்மா. நாளைக்கு…"

"நாளிக்கா? என் தம்பி கடல்ல கீறான்க்கா."

விஷயம் இதுதான். விடியும் முன்னே கட்டுமரங்கள் கடலுக்குப் போயிருக்கின்றன. காற்று திடீரென்று திரும்பவும் எல்லோரும் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். ஒரு மரம் மட்டும் வரவில்லை. அதில் கன்னியம்மாவின் தம்பி மணி, கூடவே தங்கவேலு என்று ஒரு பெரியவர். கடைசியாக அவர்களைப் பார்த்தவர்கள், மரம் தெற்கே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அந்த அலையில் துடுப்பை நம்பி யாரும் தேடப் போக முடியாது. குப்பத்தில் அன்றைக்குக் கரையில் இருந்த ஒரே மோட்டார் படகு சேகருடையது. மழைக்காலம் முழுக்க அது மணலில் சும்மா கிடந்திருக்கிறது.

நான் முதலில் செய்த ஒரு நல்ல காரியம், அந்த போனின் நம்பரை வாங்கிக்கொண்டது. லைன் அடிக்கடி அறுந்துபோகும் காலம் அது. அவள் பேசியது பாய் கடையிலிருந்து. குப்பத்து முனையில் ஒரு மளிகைக் கடை, அங்கே ஒரு போன். கடைக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு. படகு அந்தப் பக்கம், போன் இந்தப் பக்கம். கன்னியம்மா போனை விட்டு நகர முடியாது. அதனால் தோப்பு நெடுக பெண்கள் வரிசையாக நின்றுகொண்டு, நான் கேட்பதை ஒருத்தியிடமிருந்து ஒருத்தியாகக் கத்திச் சொல்லிக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். பதிலும் அதே வழியாகத் திரும்பி வந்தது.

அந்தக் காலத்து மோட்டார்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். நிறுத்துவதற்கு முன்பு எண்ணெய் மாற்றும் திருகை மறுபடி பெட்ரோல் பக்கம் திருப்பி, கார்புரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓட்டிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை குளிர்ந்த மோட்டாருக்குள் மண்ணெண்ணெய்தான் போகும், பற்றிக்கொள்ளாது.

இது எனக்குத் தெரியும். அதனால் கேட்டேன்: "கடைசியா ஓட்டினப்போ பெட்ரோலுக்கு மாத்திட்டுதானே அணைச்சாரு?"

கேள்வி தோப்பைத் தாண்டிப் போயிற்று. பதில் வந்தது. "ஆமான்றாருக்கா. எப்பவும் அப்பிடித்தான் செய்வாராம்."

"பிளக்கைக் கழட்டிப் பார்க்கச் சொல்லு. ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா?"

"காஞ்சி கீதாம்."

பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சோக்கை முழுக்க இழுத்து, பெட்ரோலை நன்றாகப் பம்ப் செய்து பார்க்கச் சொன்னேன். செய்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னேன். போன் வழியாகக் காற்றின் சத்தம் கேட்டது. ரிசீவரைப் பிடித்திருந்த கன்னியம்மா தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். சாமி பெயராக இருக்கும்.

மேனேஜர் எழுந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அன்று அவரும் கலங்கித்தான் இருந்தார். "நீ இங்கே தாம்பரத்துல உட்கார்ந்துக்கிட்டுச் சொல்ற. உன் பேச்சைக் கேட்டு அவங்க கடல்ல இறங்குவாங்க. நடுவுல மோட்டார் நின்னா இன்னும் ரெண்டு மூணு உயிர் போகும். அதுக்கு யார் பதில் சொல்றது?"

அது நியாயமான கேள்வி.  நான் எழுந்து நின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருக்கிறாள், தோப்பு நெடுகப் பெண்கள் நிற்கிறார்கள், நான் நாற்காலியில் இருப்பது அந்த நொடியில் எனக்கே பொறுக்கவில்லை.

"சார், நீங்க பக்கத்துக் கடை போன்ல அதிகாரிங்களுக்குச் சொல்லுங்க. யார்கிட்ட படகு இருக்கோ அவங்க எல்லாருக்கும் சொல்லுங்க. இந்த போனை மட்டும் வைக்கச் சொல்லாதீங்க."

 செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நின்றபடியே யோசித்தேன். நான் கேட்ட இரண்டு கேள்விகளுமே சரியில்லை. "ஒழுங்காகத்தானே அணைத்தாய்?" என்று மச்சான் வராமல் கரையில் நிற்கிறவனிடம், ஊரே சுற்றி நிற்கும்போது கேட்டால், இல்லை என்றா சொல்வான்? தப்பு யாருடையது என்ற தொனி ஒட்டியிருக்கிற கேள்விக்கு உண்மையான பதில் வராது. இன்றைக்கும் நீங்கள் அதைத்தான் முதலில் கேட்கிறீர்கள், கவனித்திருக்கிறேன். பிளக் விஷயமும் அப்படித்தான். கழட்டியதும் கைலியில் துடைத்துவிட்டுத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். துடைத்த பிளக் காய்ந்துதான் இருக்கும்.

"கன்னியம்மா, இனிமே யாரையும் எதுவும் கேட்க வேணாம். ரெண்டு பிளக்கையும் கழட்டி, துடைக்காம, இங்கே உன் கைக்கு அனுப்பச் சொல்லு."

பிளக்குகள் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தன.

"விரல்ல தொட்டுப் பாரு."

"நச நசன்னு கீதுக்கா."

"மோந்து பாரு."

அவள் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "கிருஷ்ணாயிலு. அடுப்புக்கு ஊத்தறவளுக்குத் தெரியாதாக்கா?"

மண்ணெண்ணெய்தான். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து பிசுபிசுத்துப் போன மண்ணெண்ணெய். அதன்மேல் நான் வேறு சோக்கை இழுத்துப் பம்ப் செய்யச் சொல்லியிருந்தேன். நேரம்தான் போயிற்று.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி உள்ளே இருப்பதை வடித்துவிட வேண்டும். பெட்ரோலை ஊற்றி அலசி, அதையும் வடிக்க வேண்டும். பிளக் இல்லாமலே கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியிருப்பதை வெளியே தள்ள வேண்டும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னேன். கரையில் வைத்து ஸ்டார்ட் செய்தால் மோட்டார் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும், பிளேடு இருக்கும் அதன் கால் பகுதி ஒரு ட்ரம் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். பாய் தன் கடைத் தண்ணீர் ட்ரம்மையே உருட்டிவிட்டார். பெண்கள் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். எல்லாம் போன் வழியாக எனக்குச் சத்தமாகத்தான் வந்தது. குடங்கள் இடிபடுகிற ஓசை, யாரோ யாரையோ அதட்டுவது, ஒரு குழந்தையின் அழுகை.

பிறகு, தூரத்தில், தோப்புக்கு அந்தப் பக்கம் ஓர் உறுமல்.

"ஓடுதுக்கா! ஓடுது!" கன்னியம்மா கத்தினாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஊரே கத்தியது. "போட்ட தள்றாங்க! நான் வைக்கறேன்க்கா!"

"வைக்காதே. கன்னியம்மா, அணைக்கச் சொல்லு."

"இன்னா?"

"அணைச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. ஸ்டார்ட் ஆனா போகட்டும்."

 அவள் குரல் தாழ்ந்து வந்தது. கத்தியதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது. "உனுக்கு இன்னா பைத்தியமாக்கா? காலைலேருந்து இப்பத்தான் ஓடுது. என் தம்பி அங்க செத்துகினு கீறான்."

"உன் தம்பியைக் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு வை. அவன் தண்ணியில இருப்பான். மோட்டாரை ஓடவிட்டுக்கிட்டா அவன்கிட்ட போவாங்க? பிளேடு சுத்துமே. அணைக்கணும். அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகணும். ஆகலைன்னா அவனோட சேர்ந்து எல்லாருமே அங்கேயே நிக்கணும். அது கரையிலேயே தெரியட்டும்."

 ரிசீவர் மேஜையில் மோதுகிற சத்தம். பிறகு பாயின் குரல்: "அம்மா, அவ ஓடிட்டா. தோப்புக்குள்ள ஓடறா. நான் புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"மோட்டார் சத்தம் கேக்குதா பாய்?"

"கேக்குதும்மா… கேக்குது…" என்றவர் நிறுத்தினார். "நின்னுடுச்சு."

எதிர்க்கடைத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மூலையில் கட்டு அறுந்து அது ரோட்டுப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், கைக்குச் சிக்கவில்லை. அங்கே கடலில் இதே காற்று எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முயன்றேன். போன் ஒயர் எட்டும் தூரம்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

"ஏதாவது கேக்குதா பாய்?"

"இல்லம்மா."

திரும்ப வந்தது கன்னியம்மா இல்லை, ஓர் ஆணின் குரல். சேகர். "யாரும்மா நீ? ஓடிகினு இருந்த மோட்டாரு. நீ சொன்னேன்னு இவ வந்து புடுங்கி அணைச்சிட்டா. இப்போ ஸ்டார்ட் ஆவல. போதுமா உனுக்கு? கடல பாத்துகிறியா நீ?"

அதற்கு மேலும் சொன்னான். அவற்றை இங்கே சொல்ல வேண்டாம். எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒருவர் பேசுவார். அப்போது உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தொடங்கினீர்களோ, போயிற்று. அவர் கோபம் வேறு, மோட்டார் வேறு. மோட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, பிளக் கையில இருக்கா?"

"கீது."

"மோந்து பாருங்க."

மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, குரல் மாறி: "கிருஷ்ணாயிலு."

"இப்பத்தானே வடிச்சீங்க? திருகைப் பெட்ரோல் பக்கம்தானே வச்சிருக்கீங்க?"

"பெட்ரோல்லதான் கீது. அப்போ இது எப்பிடி…" அவனே நிறுத்தினான். அவனுக்கும் மோட்டார் தெரியும். அன்று காலையிலிருந்து யாரும் அவனை யோசிக்க விடவில்லை, அவ்வளவுதான். "திருகு உள்ள தேஞ்சி கீது. கிருஷ்ணாயிலு கசிஞ்சிகினே வருது."

பழைய மோட்டாரில் கோளாறு ஒன்றோடு நிற்பது அபூர்வம். ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்தான் இரண்டாவதைத் தவறவிடுவோம்.

"கிருஷ்ணாயில் ட்யூபையே மோட்டார்லேருந்து புடுங்கிடுங்க. வாயை நல்லா அடைச்சிடுங்க. போக, வர எல்லாம் வெறும் பெட்ரோல்லதான்."

"அவ்ளோ பெட்ரோலுக்கு எங்க போவேன்? பாட்டில்ல கீறது அல தாண்டக்கூட பத்தாது."

பாய்தான் பக்கத்திலிருந்து சொன்னார். "என் மொபெட்ல இருக்குப்பா. வாத்தியார் ஸ்கூட்டரும் வெளியே நிக்குது. எடுத்துக்கோ."

அந்த நாள் மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்றுவார்கள். இந்த மோட்டாருக்கும் அப்படித்தான். கலவை அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஒரு நாளைக்குத் தாங்கும். தாங்கும் என்று சொன்னேன். வண்டிகளைச் சாய்த்து, ட்யூபை வாயால் உறிஞ்சி, கேனில் பிடித்தார்கள். மறுபடி வடித்தார்கள், அலசினார்கள், பிளக்கைத் துடைத்து மாட்டினார்கள். உறுமல் கேட்டது. இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அது தானாகவே நின்றது.  உடனே மறுபடி உறுமியது.

"சேகரேதான்மா அணைச்சுப் பாத்தான்," என்றார் பாய். "தள்றாங்க. போயிட்டாங்க."

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த மதியம் முழுக்க நான் உட்காரவில்லை. மேனேஜர் திரும்பி வந்து, தகவல் சொல்லியாகிவிட்டது, தூரத்திலிருந்து படகு வர நேரமாகும் என்றார்கள் என்றார். டீ வாங்கி வைத்தார், ஆறிப்போயிற்று. நானே பாய் கடைக்குப் போன் செய்தேன். "இன்னும் இல்லம்மா." கொஞ்சம் பொறுத்து மறுபடி. "இல்லம்மா." பஸ் பிடித்துப் போய்விடலாமா என்று தோன்றியது. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். மழைக்குப் பின் பள்ளிக்கரணைப் பக்கம் ரோட்டின் மேலேயே தண்ணீர் நிற்கும் நாட்கள். போய் என்ன செய்யப் போகிறேன்? இருந்தாலும் இரண்டு முறை பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டுக் கழற்றி வைத்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் போன் வந்தது. பாய்.

"வந்துட்டாங்கம்மா. மணி வந்துட்டான்."

"பெரியவர்?"

"மணி மட்டும்தான்மா."

கட்டுமரத்தின் கட்டு அறுந்து கட்டைகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மணி மிதந்திருக்கிறான். படகு பக்கத்தில் போனதும் சேகர் மோட்டாரை அணைத்துவிட்டு அவனை ஏற்றியிருக்கிறான். தங்கவேலுவைத் தேடி நின்று நின்று, அணைத்து அணைத்து, பெட்ரோல் தீரப் போகும்வரை சுற்றியிருக்கிறார்கள். மோட்டார் ஒரு முறைகூடச் சதி செய்யவில்லை. பெரியவர் மறுநாள் கரை ஒதுங்கினார்.

மேனேஜர் என்னைப் பாராட்டினார். முதலாளியிடமும் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து என்னை மெக்கானிக்குகளோடு வேனில் அனுப்ப ஆரம்பித்தார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது. ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முதல் உறுமலிலேயே அவர்களைப் போக விட்டிருந்தால்? ட்ரம்மில் அணைத்து, வடித்து, பெட்ரோல் தேடி, மறுபடி ஸ்டார்ட் செய்த அந்த நேரத்தில்தான் பெரியவர் கையை விட்டிருந்தால்? போக விட்டிருந்தால் மணி பக்கத்தில் அணைத்த மோட்டார் மறுபடி ஸ்டார்ட் ஆகியிருக்காது, அதுவும் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் கணக்கு முடியவில்லை. ரயிலில் போகும்போது ஓடும். சோறு பிசையும்போது ஓடும்.

சில வாரங்கள் கழித்து அந்த மோட்டார் கடைக்கு வந்தது, தேய்ந்த திருகை மாற்றுவதற்கு. சேகர் என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டான். கூட வந்த பையன் மட்டும் என் மேஜை முன்னால் நின்றான். இருபது வயசு இருக்கும். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து புதுத்தோல் வந்துகொண்டிருந்தது.

"போன்ல பேசினது நீதானாக்கா? நான் மணி."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டிருந்தேன். கை எப்படி இருக்கிறது, அக்கா எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டேன். பெரியவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு மகள், கட்டிக் கொடுத்தாயிற்று என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"மணி, அவர்… எப்போ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கன்னியம்மா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். வெளியே ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அது போகும்வரை இருந்துவிட்டுச் சொன்னான்.

"போட்டு கெளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாருக்கா. மரம் அறுந்த ஒடனேயே. நீ அத மனசுல வச்சிகினு கஷ்டப்படாத."

என் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிற்று. சரி என்றேன். வேறு என்ன சொன்னேனோ நினைவில்லை. மோட்டாரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள்.

சாயங்காலம் ரயிலில் கதவோரம் நின்றுகொண்டு வரும்போதுதான், குரோம்பேட்டை தாண்டுகையில், உறைத்தது. கரை கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஒற்றைக் கட்டையைக் கட்டிக்கொண்டு கிடந்தவனுக்கு, பெரியவர் போனது படகு கிளம்புவதற்கு முன்னா பின்னா என்று எப்படித் தெரியும்?

இன்றைக்கு அதே போன் வந்தாலும் அணைக்கத்தான் சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று மட்டும் நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு மணி கடைக்குப் பலமுறை வந்திருக்கிறான். பிளக் வாங்க, கயிறு மாற்ற, பின்னாளில் அவனுக்கென்று ஒரு மோட்டார் வாங்க. அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்கவே இல்லை.